ஆர்ட்டிசனில் காப்பி வறுப்பவர்களின் அனுபவங்கள்

சேலத்தில் காப்பித்தூள் கடை வைத்திருப்பவர்:

எங்கள் கடையில் வறுவல் பதத்தை அப்பாவின் கண்ணும் மூக்கும்தான் தீர்மானித்து வந்தன. அந்தக் கைப்பக்குவம் அவரோடு நின்றுவிடக் கூடாது என்றுதான், வறுக்கும்போது வெப்பநிலை ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து பதிந்துவைக்கும் ஆர்ட்டிசன் மென்பொருளுக்கு வந்தேன். ரஃபேல் கோபோ தொடங்கி, மார்கோ லூதர் தொடர்ந்து வளர்த்துவரும் கட்டற்ற மென்பொருள் இது. ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். கொட்டை வறுபடும் பழைய டிரம் அப்படியே இருக்கிறது. கொட்டை புரளும் இடத்தில் துளையிட்டு, கே வகைத் தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரும் கம்பி) ஒன்றைச் செருகி, ஃபிட்ஜெட் 1048 என்ற சிறிய பலகை வழியாக மடிக்கணினியில் இணைத்தோம். அந்தப் பலகை நான்கு தெர்மோகப்பிள்கள் வரை ஏற்கும்.

பச்சைக் கொட்டையைக் கொட்டியதும் 'சார்ஜ்' பொத்தானை அழுத்த வேண்டும். உடனே திரையில் வெப்பநிலைக் கோடு சரசரவென்று இறங்கும். கொட்டை குளிர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. சூடாக இருந்த தெர்மோகப்பிள் முனை குளிர்ந்த கொட்டைக்குள் அகப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். சற்று நேரத்தில் கோடு திரும்பி ஏறும். என் கண் அதற்குப் பக்கத்திலுள்ள இன்னொரு கோட்டின் மேல்தான் இருக்கும்: நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதைக் காட்டும் கோடு.

ஏற்காட்டுப் பீபெர்ரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) வறுக்கும்போது அப்பா "குறை" என்பார். நான் கேஸ் அளவை மென்பொருளில் குறித்துக்கொள்வேன். வறுத்து முடித்துப் பார்த்தால், முதல் வெடிப்புக்கு, அதாவது கொட்டை சூட்டில் முதன்முதலாகப் படபடவென்று வெடிக்கும் கட்டத்துக்கு, வெகு முன்னதாகவே அவர் கேஸைக் குறைத்திருப்பது தெரிந்தது. ஏறும் வேகம் அதன்பின் ஒரே சீராகத் தணிகிறது. கேட்டால், "வாசனை மாறிச்சே" என்பார். அந்த வாசனை மாறும் கணம் இப்போது கோட்டில் ஒரு புள்ளியாக நிற்கிறது. அவருடைய நல்ல வறுவல் ஒன்றைப் பின்னணியில் மங்கலாக ஏற்றிவைத்து, எங்கள் கடைத் தம்பி அதன் மேலேயே தன் கோட்டை ஓட்டிப் பழகுகிறார். அப்பாவும் பக்கத்தில் நின்று பார்க்கிறார். என் கணக்கில் இந்த மென்பொருளின் மிகப் பெரிய பயன் இதுதான்.

கூடலூர் பக்கத்தில் சிறு தோட்டமும் வறுவலும்:

நான் ஆர்ட்டிசனுக்கு வந்தது வேறு காரணத்தால். முன்பு சந்தா கட்டும் மென்பொருள் ஒன்றை வைத்திருந்தேன். சந்தா முடிந்ததும் என் பழைய வறுவல் பதிவுகளை நானே திறக்க முடியாமல் போயிற்று. என் தோட்டத்து ரொபஸ்டா, என் உழைப்பு, பூட்டு மட்டும் வேறொருவர் கையில்! இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆர்ட்டிசனில் ஒவ்வொரு வறுவலும் என் கணினியிலேயே கோப்பாக இருக்கிறது. வேண்டும்போது அட்டவணை மென்பொருள்களில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். பச்சைக் கொட்டையின் எடை, வறுத்தபின் எடை இரண்டையும் பதிந்தால் இழப்பு விழுக்காட்டை அதுவே போட்டுத்தரும். ஈரம் மிகுந்த மூட்டையா என்று சந்தேகம் வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

சரக்கிருப்புக் கணக்கும் வேண்டும் என்பவர்களுக்கு ஆர்ட்டிசன் பிளஸ் என்ற கட்டணச் சேவை தனியே இருக்கிறது. வறுவலைப் பதிய அது தேவையில்லை.

கோவையில் வறுவல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்:

மேலே எழுதிய இருவரும் சொல்லாத ஒன்று. அடுத்த கடைக்காரரின் வெப்பநிலை எண்ணை வாங்கி உங்கள் இயந்திரத்தில் போட்டுப் பார்க்காதீர்கள். தெர்மோகப்பிள் முனையின் தடிமனும் அது கொட்டைக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பதும் மாறினால், ஒரே முதல் வெடிப்பு இரண்டு கடைகளில் இரண்டு எண்ணாகத் தெரியும். மெல்லிய முனை மாற்றத்தைச் சீக்கிரம் காட்டும், தடித்தது பின்தங்கும். எண்ணெயும் தோல் தூசியும் முனையில் படிந்தாலும் அதே கதைதான். பின்னணிக் கோட்டோடு திடீரென்று ஒத்துப்போகவில்லை என்றால், கேஸைத் திருகுவதற்கு முன் முனையைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள்.