துருப்பிடித்து இறுகிய கதவுக் கீல் பின்: கழற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வண்டலூர்_ஹெரால்ட்

டிரைவர் பக்கக் கதவின் மேல் கீல் பின் (கீலின் இரண்டு தகடுகளையும் கோத்துப் பிடிக்கும் கம்பி) ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. அடுத்து இந்த வேலையில் இறங்குபவருக்கு உதவும் என்று விவரமாகவே எழுதுகிறேன். மற்றவர்களும் சேருங்கள்.

வண்டி 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்ட். 1961 முதல் நம்ம சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்து விற்ற கார். இரண்டே கதவு என்பதால் ஒவ்வொன்றும் நல்ல நீளம், நல்ல கனம். அத்தனை பாரத்தையும் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத இரண்டு பின்கள் தாங்குகின்றன.

பார்த்த எல்லோரும் "கதவுதான் திறக்கிறதே, பின் எங்கே ஜாம் ஆகியிருக்கிறது?" என்றார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. பின் ஒரு பக்கத் தகட்டில் அசையாமல் இறுகி நிற்க வேண்டும், மறுபக்கத் தகடு அதன்மேல் சுற்ற வேண்டும். சுற்ற வேண்டிய இடத்தில் துரு பிடித்துக்கொண்டால், கதவின் கனம் இறுக்கமாக நிற்க வேண்டிய இடத்தில் பின்னைத் திருகித் திருகி இளக்கிவிடும். கதவு திறக்கும், ஆனால் தப்பான தகட்டில் சுற்றும். அந்த ஓட்டை முட்டை வடிவமாகி, கதவு தொங்க ஆரம்பிக்கும்.

ஆகவே முதலில் பின்னின் தலையில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்தேன். அதற்கு நேராக இரண்டு தகடுகளிலும் ஒரு கோடு. கதவை மெதுவாகத் திறந்து புள்ளி யாரோடு போகிறது என்று பார்த்தேன். பிறகு ஒழுங்காக வேலை செய்யும் கீழ்க் கீலிலும் அதையே செய்தேன். கீழே புள்ளி பில்லர் (கதவு தொங்கும் பாடித் தூண்) தகட்டோடு நின்றது. மேலே கதவோடு போனது. எங்கே பிடித்திருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. எண்ணெய் விடுவதும், சூடு காட்டுவதும், தட்டுவதும் எல்லாம் அந்தக் கதவுப் பக்கத் தகட்டில் பின் நுழையும் குழலுக்குத்தான்.

வண்டியில் வைத்தே அடிக்க நான் சம்மதிக்கவில்லை. ஏற்கெனவே ஒரு பட்டறையில் யாரோ அடித்து பின்னின் தலை காளான் மாதிரி விரிந்திருந்தது. விரிந்த தலை அந்த ஓட்டை வழியாக ஒருநாளும் இறங்காது. அடியின் பாதி பில்லர் தகரத்துக்குப் போகும், அது வளைந்தால் கதவு இடைவெளியை மறுபடி கொண்டுவருவது பெரும்பாடு.

ஹெரால்டில் ஒரு வசதி, பானெட்டும் முன் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் சாயும். தூக்கிவிட்டால் பில்லர் பக்கம் கைக்கு வரும். கீல் தகட்டைச் சுற்றி ஊசியால் கோடு கிழித்து, கதவின் ஸ்டாப் பட்டையைக் கழற்றி, கதவுக்கு அடியில் ஜாக்கும் பலகையும் பழைய போர்வையும் கொடுத்து, கூட ஒருவர் பிடித்துக்கொள்ள, போல்ட்டுகளைக் கழற்றினோம். தனி ஆளாக இதைச் செய்யாதீர்கள்.

கீல் மேசைக்கு வந்ததும் விரிந்த தலையை அரத்தால் ராவி, மறுபடி ஓட்டை அளவுக்குக் கொண்டுவந்தேன். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெயும் அசிட்டோனும் சம அளவு கலந்து சில நாள் ஊறவிட்டேன். அப்புறம் கேஸ் டார்ச்சில் குழலை மட்டும் சூடாக்கினேன். குழல் விரிய வேண்டும், பின் விரியக் கூடாது. செக்கச் சிவக்க வேண்டாம். லேசாக நிறம் மாறியதும் நிறுத்தி, மெழுகுவர்த்தியைக் குழலின் விளிம்பில் தொட்டேன். மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். (அசிட்டோன் கலவை ஈரமாக இருக்கும்போது டார்ச் பக்கம் கொண்டுபோகவே கூடாது. நன்றாகத் துடைத்து, காயவிட்டு, டப்பாவை வேறு அறையில் வைத்த பிறகுதான் தீ.)

அதன் பிறகு பெரிய வைஸ் (மேசையில் பொருத்திய இறுக்கும் பிடி). ஒரு பக்கம் பின்னைவிடச் சற்று ஒல்லியான உருளைத் துண்டு, மறுபக்கம் பின் நுழையும் அளவு சாக்கெட். வைஸை இறுக்கிவிட்டுக் குழலின் பக்கவாட்டில் சின்னச் சுத்தியலால் தட்டினேன். 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு காப்பிப்பொடி நிறத்தில் துருத்தூள் கொட்டியது.

யாழ்_மைனர்

தம்பி, புள்ளி வைத்துப் பார்த்தது நல்ல வேலை. எங்கட மொறிஸ் மைனருக்கு அந்த வழி உதவவில்லை. மேல் பிணைச்சல் (நீங்கள் சொல்லும் கீல்) இரண்டு பக்கமும் பிடித்து, கதவு பாதிக்கு மேல் திறக்காமல் நின்றது.

யாழ்ப்பாணத்தில் பழைய கார்கள் ஏன் இவ்வளவு மிஞ்சின என்று எல்லாருக்கும் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரினும் மொறிஸும்தான் எங்களைக் காப்பாற்றின. என்ஜினைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தோம். இடம்பெயர்ந்த நேரம் கார்கள் கொட்டிலில் கிடந்தன, கடல் காற்று சும்மா இருக்குமா? பிணைச்சலுக்கு எண்ணெய் விட ஆர் இருந்தது?

கராச்சில் (பட்டறையில்) இருந்த ஐயா சுத்தியலைத் தொடவே இல்லை. கதவைக் கீழே தாங்கிவிட்டு, இரண்டு தகட்டுக் குழலுக்கும் இடையில் உள்ள மெல்லிய இடைவெளியில் ஹாக்ஸா பிளேட்டை விட்டு பின்னை அறுத்தார். கைப்பிடி இல்லை, பிளேட்டின் ஒரு முனையில் துணி சுற்றிக் கையாலேயே இழுத்தார். இடைக்கிடை ஒரு சொட்டு எண்ணெய். நேரம் எடுத்தது, ஆனால் கதவு தனியாக, பில்லர் தனியாக வந்துவிட்டது. ஒரு பெயின்ட் கீறல் இல்லை. தகடுகளைக் கழற்றி, மிச்சத் துண்டுகளின் நடுவில் பஞ்ச் அடித்து, சிறிய பிட்டில் தொடங்கிப் படிப்படியாகத் துளைத்து எடுத்தோம். பழைய பின் திரும்ப வேணும் என்று அடம்பிடிக்காதவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்பது என் எண்ணம்.

கோவை_லேத்

இரண்டு அண்ணன்மார் சொன்னதும் சரிங்க. துளைக்கும்போது கைடிரில் வேண்டாம், பில்லர் டிரில்லில் (தூணோடு நிற்கிற டிரில் மெஷின்) தகட்டை இறுக்கிக் கட்டுங்க. துருவோடு இருக்கிற பின் ஒரு பக்கம் கடினமாவும் மறுபக்கம் மெதுவாவும் இருக்கும். பிட் மெதுவான பக்கம் ஓடி ஓட்டையைக் கெடுத்துடும்.

புது பின் பற்றி யாரும் எழுதலை, அதனால சொல்றேன். என்கிட்ட வந்த பழைய பிரிட்டிஷ் கீல் ஒன்றில் பின் 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. 8 மி.மீ. கம்பி கிடைக்குதுன்னு வாங்கிட்டு வந்தாங்க. ஓட்டை ஏற்கெனவே முட்டை வடிவம், அதில் 8 மி.மீ. ஆடும். இரண்டு தகட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, ஒரே ஓட்டத்தில் 8.5 மி.மீ. ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவுற கருவி) போட்டோம். தனித்தனியாப் போட்டா நேர்கோடு தவறும், புது பின்னும் சீக்கிரமே பிடிச்சுக்கும். பின்னை சில்வர் ஸ்டீலில் கடைஞ்சு, இறுகி நிற்க வேண்டிய முனையில் மட்டும் நர்லிங் (பிடிப்புக்காகச் சொரசொரப்பான வரி) பண்ணினேன். சுற்றுகிற பக்கத்தில் இடம் இருந்தா கன்மெட்டல் புஷ் (வெண்கல வகை உள்குழாய்) போடுங்க.

ஸ்டெயின்லெஸ் கேட்டு நிறைய பேர் வர்றாங்க. ஸ்டெயின்லெஸ்மேல ஸ்டெயின்லெஸ் கிரீஸ் இல்லாமச் சுற்றினா உராய்ந்து ஒட்டிக்கும். சாதா இரும்புத் தகட்டில் அவ்வளவு மோசமில்லை, ஆனா கிரீஸ் போகிற வழி இல்லாம எந்தப் பின் போட்டாலும் திரும்ப இதே கதைதான். நான் பின்னில் நீளவாக்கில் ஒரு மெல்லிய காடி (பள்ளம்) எடுத்துக் கொடுக்கிறேன், கிரீஸ் அதில் தங்கும்.

ஈப்போ_பீட்டில்

என்னுடையது வோக்ஸ்வேகன் பீட்டில். இங்கே மலேசியாவில் வருஷம் முழுக்க மழை. பின்வரை நான் போகவே இல்லை, பில்லரில் கீலைப் பிடிக்கும் பெரிய ஸ்டார் தலை ஸ்க்ரூக்களே அசையவில்லை. சாதாரண பிட் உள்ளே ஆடுகிறது. தலை வழுக்கிவிடும் என்று நிறுத்திவிட்டேன். வழி உண்டா?

வண்டலூர்_ஹெரால்ட்

நிறுத்தினீர்களே, அதுவே நல்லது. தலையில் அடைந்திருக்கும் பெயின்டை ஊசியால் முழுக்கச் சுரண்டி எடுங்கள். பிட் அடிவரை உட்கார்ந்தால்தான் பிடிக்கும். தலைக்குச் சரியான பெரிய பிட்டும், சுத்தியலால் அடிக்கும் இம்பேக்ட் ஸ்க்ரூ டிரைவரும் வாங்குங்கள். முதல் அடி இறுக்கும் திசையில் லேசாக, அடுத்தது கழற்றும் திசையில். துரு உடைவது பெரும்பாலும் அந்த முதல் அடியில்தான். பீட்டில் கீலில் எண்ணெய் விடும் துளையைச் சின்ன பிளாஸ்டிக் மூடி அடைத்திருக்கும், அது இருக்கிறதா பாருங்கள். பெயின்ட் அடித்தபோது மூடிப்போயிருந்தால் அதைத் திறந்து சில நாள் எண்ணெய் விட்டுப் பாருங்கள், பின்னைக் கழற்றும் வேலையே இல்லாமல் போகலாம்.

யாழ்ப்பாணத்து அண்ணா, அறுத்த பிறகு கதவை மறுபடி மாட்டும்போது இடைவெளி சரியாக வந்ததா? எனக்குக் கதவின் பின்பக்கம் இரண்டு மி.மீ. தாழ்ந்து நிற்கிறது.

யாழ்_மைனர்

வந்தது தம்பி. பூட்டு நாக்கு விழும் தகட்டை முதலில் கழற்றி வையுங்கோ, இல்லாவிட்டால் அது கதவைத் தூக்கிப் பிடித்துப் பொய்க்கணக்குக் காட்டும். பிணைச்சல் போல்ட்டுகளை அரை இறுக்கத்தில் விட்டு, கதவை மூடி, பின்பக்கம் தேவையான உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேல் பிணைச்சலை இறுக்குங்கோ. அதற்குப் பிறகு கீழ். கடைசியாகத்தான் நாக்குத் தகடு.