பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை ஏன் ஏறாமல் நிற்கிறது?

நித்யா:
ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளோடு வீட்டில் செய்து பார்த்தோம். பாத்திரத்தில் ஐஸ் கட்டிகள், கொஞ்சம் தண்ணீர், தெர்மாமீட்டர், கீழே சிறு தீ. கலக்கிக்கொண்டே இருந்தோம். கடைசிக் கட்டி கரையும் வரை 0 டிகிரியை ஒட்டியே நின்றது. புத்தகத்தில் "உள்ளுறை வெப்பம்" என்று இருக்கிறது. ஆனால் அவள், "அடுப்பு எரிகிறதே, அந்தச் சூடு எங்கே போகிறது? துகள்களே உருகுகின்றனவா?" என்கிறாள். என்ன சொல்வது?

வேதியியல் டீச்சர்:
துகள் உருகாது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். ஐஸிலும் தண்ணீரிலும் ஆவியிலும் அதே நீர் மூலக்கூறுதான். மாறுவது அவற்றுக்கு இடையே உள்ள பிடிப்பு. ஐஸில் ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்தில் இருக்கும் நான்கோடு பிணைந்து, நின்ற இடத்திலேயே அதிர்கிறது. உருகும் நேரத்தில் வரும் வெப்பம் அந்த அசைவின் வேகத்தைக் கூட்டாமல் பிணைப்பைத் தளர்த்தவே செலவாகிறது. அதனால் தெர்மாமீட்டர் ஏறாது.

ஐஸ் பார்:
டீச்சர் சொன்னதன் மறுபக்கத்தைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். தூத்துக்குடியில் விசைப்படகுகளுக்கு ஐஸ் போடும் பிளாண்டில் ஆபரேட்டர் வேலை.

கேனில் ஊற்றும் தண்ணீர் 30 டிகிரி என்று வையுங்கள். அதை 0 வரை குளிர்விக்க, கிராமுக்குச் சுமார் 126 ஜூல் வெளியே எடுக்க வேண்டும். ஆனால் 0 டிகிரித் தண்ணீரை 0 டிகிரி ஐஸாக்க இன்னும் 334 ஜூல்! கரண்ட் பில்லின் பெரும்பகுதி இந்த இரண்டாவது வேலைக்குத்தான். மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்போது விடுகிற வெப்பம் அது. மகள் வீட்டில் அடுப்பிலிருந்து கொடுத்ததும் இதே 334-தான்.

அந்த வெப்பத்தை யார் வாங்குவது? கேனைச் சுற்றி உப்புத் தண்ணீர், அதற்குள் ஓடும் குழாயில் அமோனியா. அழுத்தத்தைக் குறைத்து வைத்திருப்பதால் அமோனியா சுமார் -15 டிகிரியிலேயே கொதிக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர் உறைய, அது விடும் வெப்பத்தில் இன்னொரு பக்கம் அமோனியா கொதிக்கிறது. இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

இன்னொன்று, பாரின் நடுப்பகுதி வெள்ளையாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். உறைதல் ஓரத்திலிருந்து உள்ளே போகும். நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும்போது கரைந்திருந்த காற்றுக்கு அங்கே இடமில்லை. அது நடுவில் ஒதுங்கிக் குமிழாகச் சிக்கிக்கொள்கிறது.

நித்யா:
ரொம்ப நன்றி. மகளின் அடுத்த கேள்வி: மண்பானைத் தண்ணீர் கொதிக்கவே இல்லையே, எப்படி ஆவியாகிறது?

வேதியியல் டீச்சர்:
எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பானையின் ஈரமான வெளிப்புறத்தில் வேகம் கூடியவை பிடிப்பை அறுத்துக்கொண்டு காற்றுக்குப் போய்விடும். மிஞ்சியவற்றின் சராசரி வேகம் குறையும், அதனால் தண்ணீர் குளிரும். கிராமுக்குச் சுமார் 2,400 ஜூல் போகிறது. காற்றில் ஈரம் அதிகமான நாளில், போன மூலக்கூறுகளுக்கு ஈடாகத் திரும்பி வருபவையும் அதிகம்; அன்று பானைத் தண்ணீர் அவ்வளவு குளிராது.