புதுப்பிப்பு: பழகிய பேரல் ரேஸ் குதிரையா, இளங்குதிரையா?

பேரல் ரேஸில் (மூன்று பேரல்களைச் சுற்றிக் குதிரை ஓட்டும் நேரப் போட்டி) புதிதாக ஓட்டுபவர் பழகிய குதிரையே வாங்கட்டும் என்று எழுதியிருந்தேன். அதில் மாற்றமில்லை, வாங்குமுன் கால்நடை மருத்துவர் செய்யும் பரிசோதனை பற்றிச் சொன்னதுதான் போதவில்லை. பின்னங்காலின் நடுவே உள்ள ஹாக் மூட்டுக்கும் முன்குளம்புக்குள் இருக்கும் சிறிய நாவிகுலர் எலும்புக்கும் எக்ஸ்ரே அவசியம். அன்றே ரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள்: வலிமருந்து கொடுத்து ஓட்டிக்காட்டினால் நொண்டல் தெரியாது. மூட்டுவலிக்கு மூட்டிலேயே போடும் ஊசி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று விற்பவரிடம் கேளுங்கள். இனி அது உங்கள் செலவு.

இளங்குதிரை பற்றிக் கேட்டவர்களுக்கு: 2 வயதில் சேணம், 3 வயதில் பேரல். முதல் சில மாதம் நடையும் ட்ராட்டும் (மெதுவான துள்ளோட்டம்) மட்டுமே. (ஓட அதற்கு ஏற்கெனவே தெரியும், திரும்பத்தான் தெரியாது.) நாலைந்து அடி தள்ளியே பேரலை நெருங்கட்டும். திரும்பப் பழகும் முன்பே வேகம் கொடுத்தால் தோளை உள்ளே சாய்த்துப் பேரலைத் தட்டும். பல அமெரிக்கப் போட்டிகளில் பேரல் விழுந்தால் ஓட்ட நேரத்தோடு 5 விநாடி அபராதம் சேரும்.