மறு: 'ஸ்ட்ரா பர்ச்சேஸர்': வைக்கோலா, பினாமியா?

அன்பு நண்பர்களுக்கு,

'ஸ்ட்ரா பர்ச்சேஸர்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற கேள்வியைக் கிளப்பிவிட்டு மூன்று நாள் தலைமறைவானதற்கு மன்னிக்கவும். எல்லா மடல்களையும் இன்று காலைதான் உட்கார்ந்து படித்தேன்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக: ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனிகள் மீது மெக்சிகோ அரசு போட்ட வழக்கைப் பற்றிய படம். திரையில் இரண்டு வரிக்குத்தான் இடம், வரிக்கு நாற்பது எழுத்து. நீளமான கலைச்சொல்லை வைத்தால் பார்ப்பவர் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும்.

சிக்கல் இந்தக் காட்சியில். டெக்சஸில் ஒரு துப்பாக்கிக் கடை. இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் கவுன்ட்டரில் நின்று 4473 என்ற அரசுப் படிவத்தை நிரப்புகிறான். சொந்தப் பெயர், சொந்த முகவரி, சொந்த ஓட்டுநர் உரிமம். பின்னணிச் சோதனையில் தேறிவிடுகிறான், ஏனென்றால் அவன் மேல் ஒரு வழக்கும் கிடையாது. 'இதை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?' என்று படிவம் கேட்கிறது. 'ஆம்' என்று குறிக்கிறான். பணம் கொடுத்தவன் வெளியே காரில் உட்கார்ந்திருக்கிறான்.

இந்தப் பையன்தான் ஸ்ட்ரா பர்ச்சேஸர். இயந்திர மொழிபெயர்ப்பு இவனை 'வைக்கோல் கொள்முதலாளர்' ஆக்கியது. அதற்குத் தஞ்சாவூர் நண்பர் எழுதியது:

> எங்கள் ஊரில் வைக்கோல் கொள்முதல் என்றால் அறுவடை முடிந்ததும் கட்டு என்ன விலை என்று கேட்டுக்கொண்டு வருகிற வியாபாரிதான். அவரைப் பிடித்து எஃப்.பி.ஐ.யிடம் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, வைக்கோலுக்கு இத்துடன் விடை கொடுத்துவிடலாம்.

'ஆள்மாறாட்டம்' என்று இருவர் சொன்னீர்கள். அது பொருந்தாது. ஆள்மாறாட்டம் செய்பவன் இன்னொருவன் பெயரில் வருவான். இந்தப் பையன் தன் பெயரிலேயே வருகிறான், அவன் காட்டும் அட்டை நூறு சதவீதம் அசல். அவன் சொல்லும் பொய் ஒன்றே ஒன்று, 'எனக்காக வாங்குகிறேன்' என்பது. 'கைப்பாவை'யும் சரிவராது. கைப்பாவைக்கு விருப்பம் கிடையாது, இவனுக்குக் கமிஷன் உண்டு.

புலவர் ஐயா கொடுத்த 'இரவல்பெயர் வாங்குநர்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரவல் என்ற சொல்லில் ஓர் ஈரம் இருக்கிறது. இரவல் கொடுத்த பொருள் என்றைக்காவது திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் இந்தப் பையனின் பெயரும் ஒருநாள் திரும்பி வரத்தான் செய்கிறது. மெக்சிகோவில் ஒரு கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால் அதன் வரிசை எண்ணை மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் ஊரில் இருக்கும் தடமறி மையத்துக்கு அனுப்புவார்கள். அமெரிக்காவில் துப்பாக்கிகளுக்கு மத்தியப் பதிவேடு கிடையாது. அதனால் மையத்தில் இருப்பவர்கள் முதலில் தயாரித்த கம்பெனியைக் கேட்பார்கள். கம்பெனி மொத்த விநியோகஸ்தரைக் காட்டும், அவர் கடையைக் காட்டுவார். கடைக்காரர் பழைய 4473 படிவத்தைத் தேடி எடுப்பார். அதில் இருக்கும் பெயர் நம் பையனுடையது.

இந்தச் சங்கிலியில் முதல் கேள்வி எங்கே போகிறது என்பதை ஐயா கவனிக்க வேண்டும். கம்பெனிக்குத்தான். எந்தக் கடைகளில் விற்ற சரக்கு திரும்பத் திரும்பக் குற்றத்தில் சிக்குகிறது என்று தெரிந்துகொள்ளக் கம்பெனிக்கு வழி இருந்தது என்பதுதான் மெக்சிகோவின் வாதத்தில் பாதி. 'இரவல்பெயர்' என்றால் கண் அந்தப் பையனோடு நின்றுவிடுகிறது. தவிர, 'இரவல்பெயர் வாங்குநர்' என்பதை எண்ணிப் பார்த்துவிட்டேன், வரியில் கால்வாசிக்கு மேல் தின்றுவிடுகிறது.

ஆகவே என் ஓட்டு 'பினாமி'க்கு. பாரசீகச் சொல் என்ற ஆட்சேபம் வந்தது. வரட்டும். டீக்கடையில் கேட்டாலும் பொருள் சொல்வார்கள். அதைவிட முக்கியம், பினாமி என்ற சொல் காதில் விழுந்ததும் நம் ஆட்கள் கேட்கும் அடுத்த கேள்வி: 'யாருக்குப் பினாமி?' காரில் உட்கார்ந்திருப்பவனைத் தேடிக் கண் தானாகப் போய்விடும். இரண்டு வரி சப்டைட்டிலில் இதைவிட என்ன வேண்டும்?

வக்கீல் அண்ணனின் ஆட்சேபம் கனமானது. அதை அப்படியே தருகிறேன்:

> நம் பினாமிச் சட்டம் 1988-இல் வந்தது, 2016-இல் இறுக்கப்பட்டது. அதில் கணக்குக் காட்டக்கூடிய சம்பாத்தியத்தில் மனைவி, பிள்ளை பெயரில் சொத்து வாங்கினால் பினாமி ஆகாது. அமெரிக்காவில் அந்த மாதிரிக் குடும்ப விலக்கு உண்டா? இல்லையென்றால் நீங்கள் வேறொரு குற்றத்துக்கு நம் குற்றத்தின் பெயரை ஒட்டுகிறீர்கள்.

உண்மைதான் அண்ணே. 2014-இல் ஆப்ராம்ஸ்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பார்த்தால் உங்கள் பக்கம் இன்னும் வலுக்கிறது. அவர் முன்னாள் போலீஸ்காரர். தனக்குக் கிடைக்கும் போலீஸ் தள்ளுபடியை நினைத்து மாமா ஒருவருக்காக ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினார். (மாமாவா சித்தப்பாவா என்று ஆங்கிலம் சொல்லாது, அது வேறு தலைவலி.) அந்த உறவினருக்குத் துப்பாக்கி வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை. இருந்தும் படிவத்தில் 'நானே வாங்குகிறேன்' என்று குறித்தது குற்றம்தான் என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஆக, அங்கே குற்றம் என்பது படிவத்தில் சொன்ன பொய். நம் ஊரில் சொத்து யாருடைய பணத்தில் வாங்கியது என்பது.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. பினாமி நிலம் பினாமியின் பெயரிலேயே, இருந்த இடத்திலேயே கிடக்கும். துப்பாக்கி மறுநாளே எல்லை தாண்டியிருக்கும்.

ஆனாலும் சொல்லை விட மனம் வரவில்லை. தனிச் சொல்லாக வேண்டாம், 'துப்பாக்கிப் பினாமி' என்று சேர்த்தே வழங்குவோம், செயலுக்குப் 'பினாமி வாங்கல்'. உறவினரின் பணத்தில் அவருக்காக வாங்கினாலும் குற்றம் என்பதை நம் சொற்பட்டியலில் குறிப்பாகப் போட்டுவிடலாம். 2022 வரைக்கும் அமெரிக்க மத்தியச் சட்டத்திலேயே இதற்கென்று தனிக் குற்றப்பிரிவு இல்லை, பொய்ப் படிவம் கொடுத்த குற்றமாகத்தான் நடத்தினார்கள். அந்த ஆண்டு கொண்டுவந்த சட்டத்தில்தான் தனிப்பிரிவும் 15 ஆண்டு வரை சிறையும் வந்தன. அவர்களே அவ்வளவு தாமதமாகப் பெயர் வைத்த குற்றத்துக்கு நாம் மூன்று நாள் சண்டை போட்டது தப்பில்லை.

அடுத்த சிக்கல் கம்பெனிகளுக்கு வைக்கும் சொல். இங்கேதான் தமிழ் எனக்குக் காலை வாரிவிட்டது.

மெக்சிகோ 2021 ஆகஸ்டில் பாஸ்டனில் வழக்குப் போட்டது. ஸ்மித் அண்ட் வெசன், கோல்ட், கிளாக், பெரெட்டா, ரூகர் எல்லாம் எதிர்வாதிகள். இந்தக் கம்பெனிகளுக்கு 2005-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு கவசம் கொடுத்திருக்கிறது: துப்பாக்கியை வேறொருவர் தவறாகப் பயன்படுத்தியதற்காகத் தயாரித்தவர் மேல் வழக்குப் போட முடியாது. ('இம்யூனிட்டி' என்கிற இந்தக் கவசத்தை ஓரிடத்தில் 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்தேன். 'வழக்குக் காப்பு' என்று வைத்திருக்கிறேன், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.) கவசத்தில் ஓர் ஓட்டை உண்டு. விற்பனை, விளம்பரம் பற்றிய சட்டத்தைக் கம்பெனி தெரிந்தே மீறி, அதனால் கேடு விளைந்திருந்தால் வழக்கு நிற்கும். பினாமி வாங்கலுக்குக் கம்பெனிகள் உடந்தை என்று சொல்லி அந்த ஓட்டை வழியாக நுழையப் பார்த்தது மெக்சிகோ.

அது காட்டிய சான்றுகளில் ஒன்று என் கண்ணைவிட்டு அகலவில்லை. கோல்ட் கம்பெனி மெக்சிகோ புரட்சித் தலைவர் எமிலியானோ சபாட்டாவின் பெயரில் ஒரு .38 கைத்துப்பாக்கி விற்றது. அதில் சபாட்டாவின் உருவமும், மண்டியிட்டு வாழ்வதைவிட நின்று சாவது மேல் என்ற ஸ்பானிய வாசகமும் பொறித்திருக்கும். ஸ்பானியத்தில் பொறித்த துப்பாக்கி யாரை மனத்தில் வைத்துச் செய்தது என்று மெக்சிகோ கேட்டது. சட்டத்தை மதிக்கும் லட்சக்கணக்கான ஹிஸ்பானிய அமெரிக்கர்களுக்கும் அது பிடிக்குமே என்றது கம்பெனித் தரப்பு.

2025 ஜூன் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒருமித்துக் கம்பெனிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி எலினா கேகன், ஆப்ராம்ஸ்கி தீர்ப்பையும் அவர்தான் எழுதினார். இன்ன கடைக்கு, இன்ன குற்ற விற்பனைக்குக் கம்பெனி கைகொடுத்தது என்று மனு குறிப்பாகக் காட்டவில்லை. கம்பெனி விநியோகஸ்தருக்கு விற்கிறது, அவர் கடைக்கு விற்கிறார். தடுக்காமல் சும்மா இருந்தது உடந்தை ஆகாது. சுருக்கமாக இவ்வளவுதான்.

நம் பத்திரிகைத் தமிழில் 'உடந்தை' மிகத் தாராளமான சொல். மணல் லாரியைப் பார்த்தும் பார்க்காமல் இருக்கும் அதிகாரியும் உடந்தை, லாரிக்கு முன்னால் பைக்கில் போய் வழி காட்டுபவனும் உடந்தை. அமெரிக்க நீதிமன்றம் இரண்டையும் பிரிக்கிறது. அதனால் 'உடந்தை'யை இரண்டாமவனுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முதலாமவனுக்குக் 'கண்டுங்காணாமை' என்று எழுதியிருக்கிறேன். அகராதியில் தேட வேண்டாத சொல்.

'பொறுப்பு' என்ற சொல்தான் பெரிய பள்ளம். 'கம்பெனிகளுக்குப் பொறுப்பில்லை எனத் தீர்ப்பு' என்று முதலில் எழுதினேன். படித்தபோது எனக்கே கோபம் வந்தது. நீதிமன்றம் சொன்னது 'இந்த மனுவை வைத்து இழப்பீடு கேட்க முடியாது' என்பது. தார்மீகமாகப் பொறுப்பா என்று அது தொடவே இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு சொல் (முதலாவது 'லயபிலிட்டி', அடுத்தது 'ரெஸ்பான்ஸிபிலிட்டி'), நமக்கு இரண்டும் பொறுப்பு. வங்கியில் இருக்கும் அக்கா சொன்ன 'கடப்பாடு' கடமையின் பக்கம் சாய்கிறது. 'ஈட்டுப்பொறுப்பு' எப்படி? இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பு. இழப்பீட்டில் இருக்கும் அதே ஈடு.

அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலை பற்றிய காட்சியில் வைத்துப் பார்த்தேன். 2012-இல் அந்தப் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்ற துப்பாக்கி, கொலைகாரனின் தாய் சட்டப்படி வாங்கியது. பினாமியே கிடையாது. இறந்தவர்களின் குடும்பங்கள் தங்கள் வழக்கில் விளம்பரத்தைப் பிடித்தன: அந்த ரகத் துப்பாக்கி வாங்கினால்தான் ஆம்பளை என்கிற மாதிரி விளம்பரம். கனெக்டிகட் மாநில உச்ச நீதிமன்றம் 2019-இல் அந்த வழக்கை அனுமதித்தது. 2022-இல் துப்பாக்கிக் கம்பெனியான ரெமிங்டன் தரப்பின் காப்பீட்டு நிறுவனங்கள் 7.3 கோடி டாலருக்கு உடன்பட்டன. என் வரி: 'ஈட்டுப்பொறுப்பை ஏற்காமலே ஈடு தந்தார்கள்.' கொஞ்சம் இடறுகிறதோ? புலவர் ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. வடக்கிலிருந்து தெற்கே போகும் இந்தத் துப்பாக்கி ஓட்டத்தை 'இரும்பு ஆறு' என்கிறார்கள். பாலாறு, தேனாறு மாதிரி 'இரும்பாறு' என்று சேர்த்தே எழுதிவிட்டேன். கோப்பைத் திங்கட்கிழமை காலை அனுப்ப வேண்டும். மாற்றுச் சொல் இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள், பன்னிரண்டு எழுத்துக்கு மேல் போகாமல்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்