வீட்டோட தங்கி முதியவரைப் பார்க்கும் வேலை: ஏஜென்சி இல்லாம நேரடியாப் போனா முதல்ல எதைச் சரி பண்ணணும்?

புதுவரவு:
அடுத்த வாரம் சென்னையில ஒரு வீட்டுல தங்கி வேலை. நடுவுல ஏஜென்சி கிடையாது, வீட்டுக்காரங்களோட நேரடிப் பேச்சுதான். பெரியவருக்கு 78 வயசு, எடை 74 கிலோ, வலப்பக்கம் பக்கவாதம். யூரின் பேக் இருக்கு. காலையும் ராத்திரியும் இன்சுலின். படுத்திருக்கிறது உயரம் குறைஞ்ச பழைய தேக்குக் கட்டில். அவரோட மனைவிக்கு மறதி நோய் ஆரம்பம், சில நேரம் கையை ஓங்குறாங்கன்னு மகனே சொல்லிட்டார். நான் 52 கிலோ. தனியா எப்படித் தூக்குறது, ஊசி குத்திட்டா என்ன செய்யணும், ராத்திரி தூக்கத்துக்கு என்ன வழி, என் இடுப்பு போச்சுன்னா செலவு யார் பாக்கணும்? இதெல்லாம் சேர்றதுக்கு முன்னாடியே பேசி முடிக்கணும். எதை எல்லாம் கேக்கணும்னு சொல்லுங்க.

பிசியோ_திருச்சி:
'எப்படித் தூக்குறது' என்ற கேள்விக்குப் பதில்: தூக்கக் கூடாது. எல்லாம் சரியாக அமைந்த நிலையிலும் ஒருவர் கையால் தாங்கும் நோயாளிப் பாரம் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. 74 கிலோ ஆளின் ஒரு கால் மட்டுமே கிட்டத்தட்ட 12 கிலோ வரும். ஆகவே நகர்த்துவது, உருட்டுவது, அவரையே எழ வைப்பது, இந்த மூன்றும்தான் உங்கள் வேலை.

முதலில் கட்டில். டயப்பர் மாற்ற, உடம்பு துடைக்க, மெத்தையின் மேல்மட்டம் உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். அவர் இறங்கி உட்கார, பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பட வேண்டும். ஒரே உயரத்தில் இரண்டும் நடக்காது. வாடகைக் கடையில் 'ஃபவுலர் கட்டில்' என்று கேட்டால் தலைப்பக்கமும் முட்டிப்பக்கமும் ஏறுகிற கட்டில்தான் வரும், மொத்த உயரம் மாறாது. நிறைய வீடுகள் ஏமாறுவது இங்கேதான். 'உயரம் ஏத்தி இறக்குற ஹை-லோ கட்டில்' என்று சொல்லியே கேட்கச் சொல்லுங்கள். அது முடியாது என்றால், தேக்குக் கட்டிலின் கால்களுக்கு அடியில், நடுவே குழி வெட்டிய மரக்கட்டை கொடுத்து, அவர் உட்காரும் உயரத்துக்கு நிறுத்துங்கள். குழி இல்லாத கட்டையும் செங்கல்லும் வழுக்கும். டயப்பர் மாற்றும்போது குனிந்து நிற்காமல் ஒரு முட்டியைக் கட்டில் மேல் ஊன்றிக்கொள்ளுங்கள்.

கட்டிலில் கீழே சரிந்துவிட்டார் என்றால் அக்குளில் கை போட்டு இழுக்கவே கூடாது. பக்கவாதம் வந்த தோள் எளிதில் மூட்டை விட்டு இறங்கும், உங்கள் முதுகும் போகும். தலைப்பக்கத்தைத் தட்டையாக்குங்கள். மடித்த போர்வை ஒன்று தோளிலிருந்து தொடை வரை அடியில் எப்போதும் இருக்கட்டும். அதற்கும் மெத்தைக்கும் நடுவில் வழவழப்பான ரெயின்கோட் துணியை இரண்டு மடிப்பாக நுழையுங்கள். நல்ல காலான இடது காலை மடக்கி, பாதத்தை ஊன்றச் சொல்லி, 'ஒண்ணு, ரெண்டு, மூணு'க்கு அவர் உந்தும்போது நீங்கள் போர்வையை இழுங்கள். முடிந்ததும் அந்த வழவழத் துணியை உருவிவிடுங்கள். மறந்து அப்படியே உட்கார வைத்தால் தரைக்கு வந்துவிடுவார்.

வீல்சேரை அவருடைய இடது பக்கம், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். பிரேக் இரண்டும் போட்டு, கால்தட்டுகளை மடக்கிவிடுங்கள். படுத்தவரை உட்கார வைத்து 2 நிமிஷமாவது விடுங்கள். உடனே எழுப்பினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அவர் இடுப்பில் அகலமான நடைப் பெல்ட் (நோயாளியைப் பிடித்து எழுப்பும் பட்டை) கட்டிப் பிடியுங்கள். வேட்டி முடிச்சையோ பேன்ட் பெல்ட்டையோ நம்பாதீர்கள். அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள். இடது கை வீல்சேரின் தூரத்துக் கைப்பிடிக்குப் போகட்டும். அவருடைய வலது முட்டி மடங்காமல் உங்கள் முட்டியால் அணை கொடுத்து, முன்னும் பின்னுமாக இரண்டு முறை அசைத்து, எழுந்து, திரும்பி, உட்கார வையுங்கள்.

சேரும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்: இடது காலில் எடை தாங்கி 10 நொடி நிற்கிறாரா? நிற்கவில்லை என்றால் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவது ஒரு ஆள் வேலை அல்ல. இரண்டாவது ஆளோ நோயாளி தூக்கும் கருவியோ வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வார்டு_சிஸ்டர்:
தூக்குறதைப் பிசியோ சொல்லிட்டார், நான் ஊசிக்கு வர்றேன். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கியாம்மா? 3 டோஸ்: இன்னைக்கு ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. கடைசி டோஸுக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு மாசத்துல ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி அளவு பாத்துக்கோ, 10க்கு மேல இருக்கணும்.

இன்சுலின் போட்டதும் ஊசி மூடியை ரெண்டு கையால மாட்டாதே. குத்துறதே அந்த நிமிஷத்துலதான். சிரிஞ்சுன்னா மூடி போடாம நேரா டப்பாவுல போடு. பென்னுன்னா பெரிய வெளி மூடியை மேஜை மேல நிக்கவெச்சு, ஒரு கையால ஊசியை அதுக்குள்ள விட்டுத் திருகி எடுத்துடு. டப்பாவுக்குக் கடையில போய் தனியா வாங்க வேண்டாம், கெட்டியான காலி பினாயில் கேன் போதும். கடையில விக்கிற மெல்லிசான தண்ணி பாட்டில் ஆகாது, ஊசி வெளிய வந்துடும். முக்கால் நிறைஞ்சா மூடி டேப் ஒட்டி, மேல 'ஊசி'ன்னு எழுதி, துப்புரவுப் பணியாளர்கிட்ட தனியா சொல்லிக் குடு. குப்பைப் பையில கலந்துட்டா அடுத்து குத்துறது அவங்க கையில.

யூரின் பேக் எப்பவும் இடுப்புக்குக் கீழ, ஆனா தரையில படாம தொங்கணும். மூணுல ரெண்டு பங்கு நிறையும்போதே காலி பண்ணு. கையுறை கழட்டினதும் சோப்புப் போட்டுக் கை கழுவணும், கையுறை போட்டிருந்தோமேன்னு விடாதே. கையுறையைக் கழுவிக் காயவெச்சு மறுபடி போடுற வீடுங்க இருக்கு, அதுக்கு ஒத்துக்காதே. லேடெக்ஸ் (ரப்பர்) கையுறை போட்டா அரிக்குதுன்னா நைட்ரைல் கையுறை கேளு.

பாத்ரூம்ல ஒரு விஷயம். ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட் கிளீனரும் ஒரே நேரத்துல கொட்டாதே. குளோரின் வாயு வந்து மூச்சு அடைக்கும். மூத்திரம் நனைஞ்ச துணியை நேரா ப்ளீச் தண்ணியில ஊறப்போட்டாலும் கண் எரியிற ஆவி வரும். முதல்ல வெறும் தண்ணியில அலசிட்டு அப்புறம் ப்ளீச். ரத்தம் சிந்தினா, 1 லிட்டர் தண்ணிக்கு 30 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கலந்து 10 நிமிஷம் விட்டுத் துடை. கலவையை அன்னன்னைக்குத்தான் கலக்கணும். நாள்பட்ட பவுடர்ல சக்தி இருக்காது.

பெரியவருக்கு விரல் இடுக்குல, இடுப்புல ராத்திரி மட்டும் அதிகமா அரிப்பு இருந்தா சிரங்கான்னு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு. மருந்து பெர்மெத்ரின் 5% கிரீம். கழுத்துலேர்ந்து பாதம் வரைக்கும் தடவி 8லேர்ந்து 14 மணி நேரம் விட்டுக் குளிக்கணும், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. வீட்டுல இருக்கிற எல்லாரும் ஒரே நாள்ல போடலேன்னா அது சுத்திச் சுத்தி வரும். வயசானவங்களுக்குத் தலையிலயும் தடவணுமான்னு டாக்டரையே கேளு. பெரும்பாலும் வேலைக்கு வந்தவங்க கொண்டுவந்ததுன்னுதான் பேச்சு வரும். அதனால முதல் நாளே அவரோட தோலைப் பாத்து, சிவப்பு, புண், தழும்பு எல்லாத்தையும் நோட்டுல குறிச்சு மகன்கிட்ட காட்டிடு. படுக்கைப்புண் பழி வராம இருக்கவும் அதே நோட்டுதான்.

புதுவரவு:
ரொம்ப நன்றி சிஸ்டர். ஊசி குத்தினா ரத்தத்தைப் பிழிஞ்சு விடணும்னு சொல்றாங்களே, சரியா? அப்புறம் இடுப்புக்கு பெல்ட் கட்டிக்கிட்டா முதுகு தாங்குமா?

வார்டு_சிஸ்டர்:
பிழியாதே, வாயில வெச்சு உறிஞ்சாதே, டெட்டால் ஊத்தாதே. ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவினா போதும். கண்ல தெறிச்சா வெறும் தண்ணியால அலம்பு. அப்புறம் நேரா அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டா 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல போனா பிரயோஜனம் இல்லை. பெரியவரோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கையில இருந்தா டாக்டர் சீக்கிரம் முடிவெடுப்பார். 'சின்னக் குத்துதானே'ன்னு விடியுற வரைக்கும் காத்திருக்காதே.

பிசியோ_திருச்சி:
இடுப்பு பெல்ட் முதுகைக் காக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கட்டியதும் தைரியம் வந்து கூடுதல் பாரம் எடுப்பதுதான் நடக்கும். அந்தப் பணத்தில் நோயாளிக்கு நடைப் பெல்ட் வாங்குங்கள்.

விட்டுப்போனது ஒன்று. அவர் விழ ஆரம்பித்தால் தாங்கிப் பிடிக்காதீர்கள். உங்கள் உடம்போடு ஒட்டினாற்போல் சறுக்கித் தரையில் உட்கார வையுங்கள், தலை மட்டும் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்த பிறகு, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிவாக இருக்கலாம். அசைக்காமல் போர்த்தி, 108. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிதான்.

கணக்குப்பிள்ளை:
காசு, தூக்கம் இரண்டுக்கும் நான். ஒரு வீடு நிறுவனம் ஆகாது என்பதால் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) உங்களுக்கு வராது. ஏஜென்சியும் இல்லை. அதனால் கையில் இருக்க வேண்டியவை இவை. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா: வங்கிக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் பணம் இல்லை என்றால் விட்டுப்போகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, குடும்ப அட்டையில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். 2007ல் அமைந்த வீட்டுப் பணியாளர் நல வாரியத்திலும் பதிந்துவிடுங்கள், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. இ-ஷ்ரம் அட்டை (அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு அட்டை) வாங்குங்கள், ஆனால் அந்த அட்டை ஆஸ்பத்திரி பில் கட்டாது.

இவை எதுவும் வெறும் முதுகு வலிக்குக் காசு தராது. நாள்பட்ட தேய்மானம் விபத்துக் காப்பீட்டில் 'விபத்து' ஆகாது. அதனால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்: வேலையின்போது அடிபட்டால் முதல் சிகிச்சை, பரிசோதனைச் செலவு வீட்டுக்காரர் பொறுப்பு. வேலைக்கு வர முடியாத முதல் எத்தனை நாளுக்குச் சம்பளம் என்பது எண்ணாகவே இருக்கட்டும். கையுறை, டயப்பர், ஊசி டப்பா அவர்கள் வாங்கித் தர வேண்டும். வாரம் ஒரு முழு நாள் விடுமுறை, அன்றைக்கு யார் வருவார் என்ற பெயர்.

தூக்கம்: '24 மணி நேரம்' என்று வாயால் பேசினால் 24 மணி நேரமும் உங்கள் தலையில்தான். இரவில் 8 மணி நேர ஓய்வு, அதில் 5 மணி நேரம் தொடர்ச்சியாக என்று எழுதுங்கள். தனிக் கட்டில், உள்ளே தாழ் போடும் அறை அல்லது தடுப்பு, பெரியவர் கையில் வயர்லெஸ் காலிங் பெல். அவர் கட்டிலடியில் பாய் போட்டுப் படுத்தால் அவர் இருமும்போதெல்லாம் நீங்கள் விழிப்பீர்கள். எத்தனை மணிக்கு எழுந்தோம் என்று நோட்டில் குறியுங்கள். தொடர்ந்து 3 ராத்திரி மூன்று தடவைக்கு மேல் எழுந்திருந்தால் மறுநாள் பகலில் 4 மணி நேரம் மாற்று ஆள் என்பதும் தாளில் இருக்கட்டும்.

வீட்டில் யாராவது தப்பாக நடந்தால்: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, வீட்டையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் தரலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

வார்டு_சிஸ்டர்:
ராத்திரி விழிப்பைக் குறைக்க இன்னொண்ணும் இருக்கு. மூத்திரம் பிரியிற மாத்திரையைச் சாயங்காலத்துல குடுக்கிறாங்களா பாரு, காலையில மாத்தலாமான்னு டாக்டரைக் கேக்கச் சொல்லு. ராத்திரிக்கு 2 லிட்டர் பேக். ஏர் பெட் (படுக்கைப்புண் வராம இருக்கக் காத்து அடைக்கிற மெத்தை) இருந்தா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறதை நீட்டலாமான்னு தோலைப் பாத்து டாக்டர் சொல்வார், நீயா முடிவெடுக்காதே. ஏர் பெட் சரியா ஏறியிருக்கான்னு இடுப்புக்கு நேரா அடியில உள்ளங்கையை விட்டுப் பாரு. ஒரு அங்குலம் காத்து தட்டணும். எலும்பு கையில இடிச்சா அது வெறும் பிளாஸ்டிக் விரிப்புதான்.

ஞாபகமறதி_பகுதி:
அந்த அம்மாவைப் பத்தி யாரும் சொல்லல. ரெண்டு நோயாளியைப் பாக்கப் போறோம்னு சம்பளம் பேசும்போதே சொல்லிடுங்க.

கை ஓங்குறது பெரும்பாலும் குளிப்பாட்டும்போதும் சாயங்காலம் இருட்டுற நேரத்துலயும் வரும். எதிர்ல நிக்காம பக்கவாட்டுல, ஒரு கை தூரத்துல நில்லுங்க. கதவு உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கட்டும். துப்பட்டாவையும் நீளச் சங்கிலியையும் கழட்டி வைங்க, முடியைக் கொண்டை போடுங்க, சேலைன்னா தலைப்பைச் செருகுங்க. தலையில சொம்புத் தண்ணியை ஊத்தாம காலிலேர்ந்து ஆரம்பிச்சு, தோள்ல துண்டு போர்த்தி வெச்சே குளிப்பாட்டினா பாதிச் சண்டை வராது. அவங்க 'அம்மா எங்க'ன்னு கேட்டா, 'உங்க அம்மா செத்து முப்பது வருஷம் ஆச்சு'ன்னு திருத்தாதீங்க. பிடிச்சு இழுத்தா நீங்க திருப்பி இழுக்காம, அவங்க கட்டைவிரல் பக்கமா உங்க மணிக்கட்டைத் திருப்பி உருவிக்கோங்க. திடீர்னு ஒரே நாள்ல குணம் மாறினா மறதி நோய் கூடிடுச்சுன்னு நினைக்காதீங்க, மூத்திரத் தொற்று, மலச்சிக்கல், புது மாத்திரை இந்த மூணையும் முதல்ல பாருங்க.

சிலிண்டர் வால்வை ராத்திரி மூடுங்க. பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் இருந்தா ஜன்னல் திறந்திருக்காம குளிப்பாட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வாசல் கதவுச் சாவி ஒண்ணு எப்பவும் உங்க இடுப்புல இருக்கணும். அந்த அம்மா உள்ளேர்ந்து பூட்டிட்டுச் சாவியை எங்கயோ வெச்சுட்டா, 108 வந்தாலும் வெளியிலதான் நிக்கும்.