8 மெகாஹெர்ட்ஸில் 115200 பாட் குப்பையாக வருகிறது, யுபிஆர்ஆர் கணக்கில் என்ன விடுபடுகிறது?

மாடித்தொட்டி எழுதியது:

வணக்கம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அளந்து வைஃபை வழியாகக் கீழே அனுப்பும் ஒரு சின்ன போர்டு செய்துகொண்டிருக்கிறேன். ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர், வெளியே கிரிஸ்டல் கிடையாது, உள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரில்தான் ஓடுகிறது. வைஃபைக்கான இஎஸ்பி-01 மாட்யூலுக்கு 3.3 வோல்ட் என்பதால் எல்லாவற்றையும் 3.3 வோல்ட்டிலேயே வைத்துவிட்டேன், லெவல் மாற்றும் வேலை மிச்சம்.

மாட்யூல் 115200 பாட் வேகத்தில், அதாவது நொடிக்கு அத்தனை பிட்டில், பேசுகிறது. அந்த வேகத்தை முடிவு செய்யும் ரெஜிஸ்டர் யுபிஆர்ஆர்; அதற்கு டேட்டாஷீட்டில் இருக்கும் சூத்திரம் யுபிஆர்ஆர் = கடிகாரம் ÷ (16 × பாட்) − 1. போட்டால் 3.34 வருகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கும் யு2எக்ஸ் பிட்டை 1 ஆக்கி 16-க்கு பதில் 8 போட்டால் 7.68. சி நிரலில் இதை அப்படியே மேக்ரோவாக எழுதியிருக்கிறேன், ரெஜிஸ்டருக்கு 7 போகிறது. யுஎஸ்பி சீரியல் கேபிளில் பார்த்தால் வெறும் குப்பை எழுத்துகள்.

புரியாத இடம் இனிமேல்தான். மேக்ரோவை விட்டுவிட்டு 8 என்று கையால் எழுதினால், என்னிடம் இருக்கும் இரண்டு சிப்பில் ஒன்று சுத்தமாகப் பேசுகிறது, மற்றது பேசவில்லை. அதே நிரல், அதே வயர். சரி என்று இரண்டு பக்கத்தையும் 9600-க்கு இறக்கினால் மேசையில் இரண்டு சிப்பும் பேசுகின்றன, ஆனால் மாடியில் மதிய வெயிலில் ஒரு சிப் இடையிடையே உளறுகிறது. அதுவும் எது உளறுகிறது என்றால் 115200-இல் நன்றாகப் பேசிய அதே சிப். இது எப்படி?

கடிகாரத்துடிப்பு எழுதியது:

சூத்திரம் சரிதான், ஆனால் அது பாதிக் கணக்கு. கிடைத்த எண்ணை முழு எண்ணாக்கிய பிறகு அதைத் திருப்பிப் போட்டு உண்மையில் என்ன பாட் வருகிறது என்று பார்க்க வேண்டும், பலர் இந்த இரண்டாவது பாதியைச் செய்வதே இல்லை. உங்கள் 7-ஐத் திருப்பிப் போடுங்கள்: 80,00,000 ÷ (8 × 8) = 1,25,000. கேட்டது 1,15,200. அதாவது 8.5% அதிகம். 8 போட்டால் 80,00,000 ÷ (8 × 9) = 1,11,111, இது 3.5% குறைவு. யு2எக்ஸ் இல்லாமல் 3 போட்டாலும் அதே 1,25,000-தான். ஆக 8 மெகாஹெர்ட்ஸில் 115200-க்கு நல்ல எண் என்று ஒன்று இல்லவே இல்லை, இருப்பதில் பரவாயில்லாதது 8.

எவ்வளவு பிழை தாங்கும் என்பதைப் படம் போட்டுப் பார்த்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். வாங்கும் பக்கம் ஸ்டார்ட் பிட்டின் விளிம்பைப் பார்த்துத் தன் கணக்கைத் தொடங்குகிறது, அங்கிருந்து ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் சாம்பிள் எடுக்கிறது. 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்றால் ஸ்டாப் பிட்டின் நடு, தொடக்கத்திலிருந்து 9.5 பிட் தூரம். அந்த இடத்துக்குள் சறுக்கல் அரை பிட்டைத் தாண்டினால் பக்கத்துப் பிட்டைப் படித்துவிடும். 0.5 ÷ 9.5 = 5.3%. அதிலிருந்து விளிம்பைக் கண்டுபிடிப்பதில் வரும் 16-இல் ஒரு பங்கு தடுமாற்றம், நடுவில் மூன்று சாம்பிள் எடுத்துப் பெரும்பான்மை பார்ப்பது எல்லாவற்றையும் கழித்தால் நான்கு நாலரை சதவீதம் மிஞ்சும். அடுத்த பைட்டின் ஸ்டார்ட் பிட்டில் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் பிழை பைட்டுக்குப் பைட் சேர்ந்துகொண்டே போகாது, இது ஒரு நிம்மதி.

ஆனால் அந்த நாலு சதவீதம் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. உங்கள் வகுத்தல் பிழை, உங்கள் கடிகாரத்தின் பிழை, எதிர்ப் பக்கத்தின் அதே இரண்டு, எல்லாம் கூட்டிக் கழித்து அதற்குள் அடங்க வேண்டும். அதனால்தான் இந்தச் சிப்பின் டேட்டாஷீட்டே 8 பிட் டேட்டாவுக்குச் சாதாரண வேகத்தில் ±2%, யு2எக்ஸ் போட்டால் ±1.5% என்று பரிந்துரைக்கிறது. யு2எக்ஸில் ஒரு பிட்டுக்கு 16-க்கு பதில் 8 சாம்பிள்தான், அதனால் வாங்கும் பக்கத்தில் தாங்கும் திறன் கொஞ்சம் குறையும்.

இப்போது உங்கள் இரண்டு சிப். உள் ஆஸிலேட்டருக்குத் தொழிற்சாலை தரும் உறுதி 3 வோல்ட், 25 டிகிரியில் ±10% மட்டுமே. நடைமுறையில் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் 3, 4 சதவீதம் தள்ளியிருந்தால் கேள்வி கேட்க முடியாது. நன்றாகப் பேசிய சிப் பெரும்பாலும் 3% சுமாருக்கு வேகமாக ஓடுகிறது. அதனால் 115200-இல் வகுத்தலில் வரும் −3.5%-உம் கடிகாரத்தின் +3%-உம் ஒன்றையொன்று சாப்பிட்டுவிட்டன. மற்றது கொஞ்சம் மெதுவாக இருக்கும், −3.5-உடன் இன்னும் ஒரு −2 சேர்ந்தால் ஸ்டாப் பிட்டில் அரை பிட் போய்விட்டது, முடிந்தது கதை. 9600-இல் வகுத்தல் பிழை வெறும் +0.2% (யுபிஆர்ஆர் 51, கிடைப்பது 9615). அங்கே அந்த வேகமான சிப்பின் +3% அப்படியே வெளியே தெரியும், மேசையில் விளிம்பில் நின்று பேசும், வெயிலில் ஆஸிலேட்டர் இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் விழுந்துவிடும். ஊகம்தான், அளந்து பார்த்தால் உறுதியாகும்.

மேக்ரோவைப் பற்றி இரண்டு விஷயம். சி-யில் முழு எண் வகுத்தல் தசமத்தை வெட்டிவிடும், ரவுண்ட் செய்யாது. 7.68 உங்களுக்கு 7 ஆனது அதனால்தான். வகுக்கும் எண்ணில் பாதியை மேலே கூட்டிவிட்டு வகுங்கள்: (கடிகாரம் + 4 × பாட்) ÷ (8 × பாட்) − 1. யு2எக்ஸ் இல்லாவிட்டால் 4-க்கு பதில் 8, 8-க்கு பதில் 16. இன்னொன்று, ஏவிஆரில் (உங்கள் சிப்பின் குடும்பம்) இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட் மட்டுமே, 16 × 9600 = 1,53,600 அதில் அடங்காது, எண்களுக்குப் பின்னால் அன்சைன்ட் லாங் குறி போட மறக்காதீர்கள். இதையெல்லாம் கையால் செய்ய விருப்பமில்லை என்றால் ஏவிஆருக்கான சி நூலகமான ஏவிஆர்-லிப்சியில் செட்பாட் என்று ஒரு ஹெடர் இருக்கிறது, அதுவே ரவுண்ட் செய்து, யு2எக்ஸ் தேவையா என்று சொல்லி, பிழை 2%-ஐத் தாண்டினால் கம்பைல் செய்யும்போதே எச்சரிக்கும். எனக்கு அந்த எச்சரிக்கை மிகவும் பிடிக்கும், பிழை மாடி ஏறும் முன்பே தெரிந்துவிடுகிறது.

வேகம் முக்கியமில்லை என்றால் மாட்யூலை 38400-க்கு மாற்றுங்கள். 8 மெகாஹெர்ட்ஸில் யுபிஆர்ஆர் 12, பிழை 0.2%. ஆனால் ஆஸிலேட்டரின் பிழை அப்படியே இருக்கும், அதையும் சேர்த்துச் சரிசெய்யாமல் மாடியில் வைக்காதீர்கள்.

பழைய8051 எழுதியது:

ஒரு கிரிஸ்டல் போட்டுவிடுங்கள் தம்பி, பத்துப் பதினைந்து ரூபாய் சாமானுக்காக இத்தனை கணக்கு வேண்டாம். ஆனால் 8 வேண்டாம், 7.3728 கேட்டு வாங்குங்கள். 73,72,800-ஐ 1,15,200-ஆல் வகுத்தால் மீதி இல்லாமல் 64. யு2எக்ஸ் இல்லாமல் யுபிஆர்ஆர் 3, பிழை பூஜ்யம். 11.0592 இருந்தால் யுபிஆர்ஆர் 5, அதுவும் பூஜ்யம்.

8051 என்ற பழைய மைக்ரோகண்ட்ரோலர் படித்தவர்களுக்கு 11.0592 என்ற எண் மனப்பாடம். அதில் கடிகாரத்தை 12-ஆல் வகுத்து, பிறகு 32-ஆல் வகுத்தால் 28,800. டைமர் 1-இல் 253 ஏற்றினால் மூன்று எண்ணிக்கையில் 9600 துல்லியமாக வரும். அதே போர்டில் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால் 31,250 ÷ 3 = 10,417, எட்டரை சதவீதம் தவறு. வேகத்தை இரட்டிப்பாக்கும் எஸ்மாட் பிட்டை வைத்து 7 எண்ணிக்கையில் போனால் 8929, அது ஏழு சதவீதம் குறைவு. 12-இல் ஒழுங்காக வருவது 4800 வரைதான் (எஸ்மாட் வைத்து 13 எண்ணிக்கை, பிழை 0.16%). டைமருக்கு 12 வசதி, சீரியலுக்கு 11.0592 வசதி, இரண்டில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் போர்டு போட வேண்டும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று யாராவது யோசித்திருந்தால்: ஐபிஎம் பிசியின் சீரியல் கார்டில் 8250 சிப்புக்கு 1.8432 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தார்கள். அதை 16-ஆல் வகுத்தால் 1,15,200. அதற்கு மேல் அந்தக் கார்டில் போக வழியில்லை, கீழே வருவதெல்லாம் அதை முழு எண்ணால் வகுத்தது. 3.6864, 7.3728, 11.0592, 14.7456, 18.432 எல்லாம் அந்த 1.8432-இன் மடங்குகள்.

மாடித்தொட்டி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி, சிப் விஷயம் இப்போது புரிகிறது. ஒரு சந்தேகம். கையில் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் சும்மா கிடக்கிறது. ஆர்டுயினோ ஊனோவில் 16-தான் இருக்கிறது, 115200 அதில் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறதே, அதையே போட்டால் போதாதா? இன்னொன்று, கடிகாரம் எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்று அளக்க என்னிடம் மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கிறது.

கடிகாரத்துடிப்பு எழுதியது:

போடாதீர்கள். 3.3 வோல்ட்டில் இந்தச் சிப்புக்கு 13 மெகாஹெர்ட்ஸ் சுமார்தான் எல்லை, 16-க்கு 4 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வேண்டும். நிறைய பேர் ஓட்டுகிறார்கள், ஓடவும் செய்யும், ஆனால் வெயிலில் ஆள் இல்லாமல் கிடக்கப்போகும் பெட்டியில் எல்லைக்கு வெளியே வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஊனோ கணக்கு வேறு. 16 மெகாஹெர்ட்ஸில் 115200-க்கு யு2எக்ஸ் வைத்து யுபிஆர்ஆர் 16, கிடைப்பது 1,17,647, அதாவது +2.1%. அந்த போர்டில் யுஎஸ்பி பக்கம் இருக்கும் 16யு2 சிப்பும் அதே 16 மெகாஹெர்ட்ஸ், அதே யுஏஆர்டி (சீரியல் பகுதி), அதே +2.1%. இரண்டும் ஒரே அளவு தவறுவதால் தங்களுக்குள் பிசிறில்லாமல் பேசிக்கொள்கின்றன. அதே ஊனோவின் பின்னில் வேறு மாட்யூலை மாட்டினால் அந்த 2.1% வெளியே வரும். 57600-க்கும் இப்படி ஒரு சங்கதி உண்டு: யு2எக்ஸ் வைத்தால் −0.8% கிடைக்கும், ஆனாலும் ஆர்டுயினோ நூலகம் 16 மெகாஹெர்ட்ஸில் அந்த ஒரு வேகத்துக்கு மட்டும் வேண்டுமென்றே +2.1% தரும் வழியில் போகிறது, பழைய பூட்லோடரும் யுஎஸ்பி சிப்பின் ஃபர்ம்வேரும் அப்படித்தான் பேசுகின்றன என்பதால். எதிரில் இருப்பவர் எவ்வளவு தவறுகிறார் என்பதும் கணக்கில் சேரும் என்று சொன்னது இதற்காகத்தான்.

ஸ்கோப்முனை எழுதியது:

அளக்க மல்டிமீட்டரே போதும், அதில் ஹெர்ட்ஸ் இருந்தால். ஆங்கில யு எழுத்தை, அதாவது 85 என்ற மதிப்பை, இடைவெளி விடாமல் அனுப்பிக்கொண்டே இருங்கள். ஸ்டார்ட் பிட் 0, பிறகு 1, 0, 1, 0 என்று மாறி மாறி வந்து ஸ்டாப் பிட் 1-இல் முடியும், அடுத்த பைட்டின் ஸ்டார்ட் பிட் உடனே 0. ஆகவே டிரான்ஸ்மிட் பின்னில் பாட் ரேட்டில் பாதி அதிர்வெண்ணுக்கு ஒரு சதுர அலை கிடைக்கும். டேட்டா ரெஜிஸ்டர் காலியாவதைப் பார்த்து உடனுக்குடன் நிரப்ப வேண்டும், பைட்டுகளுக்கு நடுவில் ஓய்வு விழுந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும். உங்கள் 9600 அமைப்பில் 4808 காட்ட வேண்டும். 4970 காட்டினால் கடிகாரம் 3.4% வேகம். 600 சுமாருக்குக் காட்டினால் கடிகாரத்தை எட்டால் வகுக்கும் ஃபியூஸ் அமைப்பை மாற்றவில்லை என்று அர்த்தம், புதுச் சிப் கடையிலிருந்து அப்படி 1 மெகாஹெர்ட்ஸில்தான் வரும்.

கிரிஸ்டல் வந்து சேரும் வரை ஒரு வழி இருக்கிறது. சிப்பின் கடிகார வேகத்தை நகர்த்தும் ஆஸ்கேல் ரெஜிஸ்டரை ஒவ்வொரு படியாக மாற்றி உள் ஆஸிலேட்டரை 8-க்கு இழுப்பதற்கு பதில் 7.3728-க்கே இழுத்துவிடுங்கள். டேட்டாஷீட் பயனர் சரிசெய்ய அனுமதிக்கும் எல்லை 7.3 முதல் 8.1 வரை, அதற்குள் இது அடங்குகிறது. யுபிஆர்ஆரில் 47 போட்டு மீட்டரில் 4800 வரும் வரை நகர்த்துங்கள், வந்த மதிப்பை மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ரோமில் வைத்து ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ரெஜிஸ்டரில் எழுதுங்கள், நிரலில் கடிகார மதிப்பையும் 73,72,800 என்று மாற்றுங்கள். ஒவ்வொரு சிப்புக்கும் தனி மதிப்பு. இந்த ரெஜிஸ்டரில் 127 வரை ஒரு வரிசை, 128-இலிருந்து இன்னொரு வரிசை, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும், அதனால் 127-இலிருந்து 128-க்குப் போனால் வேகம் கூடாது, குறையும். அங்கே குழம்ப வேண்டாம். சரிசெய்வதை 3.3 வோல்ட்டிலேயே, முடிந்தால் மாடியில் வைக்கும் பெட்டிக்குள்ளேயே வைத்துச் செய்யுங்கள், வோல்ட்டேஜும் வெப்பமும் மாறினால் எண் நகரும்.

ஆர்டுயினோ நூலகத்தோடு 7.3728 போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் வழக்கமான மில்லிஸ் (ஓடிய மில்லி நொடி) கணக்கு கடிகாரத்தை முழு மெகாஹெர்ட்ஸாக வெட்டி 7 என்று எடுத்துக்கொள்கிறது, நேரம் 5.3% வேகமாக ஓடும். வெறும் சி-யில் எழுதுவதால் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மாடித்தொட்டி எழுதியது:

யு எழுத்து முறையில் அளந்தேன். 115200-இல் பேசிய சிப் 4961, பேசாதது 4699. நீங்கள் சொன்ன மாதிரியே ஒன்று +3.2%, மற்றது −2.3%. 7.3728 கிரிஸ்டல் ஆர்டர் போட்டாயிற்று, அதுவரை ஆஸ்கேலில் ஓட்டுகிறேன்.

நீலமாத்திரை எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எஸ்டிஎம்32எஃப்103 என்ற வேறொரு மைக்ரோகண்ட்ரோலரில் முதல் சீரியல் போர்ட் 115200-இல் சரியாகப் பேசுகிறது, இரண்டாவது போர்ட்டில் அதே மதிப்பைப் போட்டால் 57600-இல்தான் படிக்க முடிகிறது. இதுவும் ரவுண்டிங் பிழையா?

கடிகாரத்துடிப்பு எழுதியது:

இல்லை, துல்லியமாகப் பாதி என்றால் ரவுண்டிங் அல்ல, தவறான கடிகாரத்தை வைத்து வகுத்திருக்கிறீர்கள். முதல் போர்ட் 72 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில், 720 லட்சம் ÷ 1,15,200 = 625, முழு எண். இரண்டாவதும் மூன்றாவதும் தொங்குவது 36 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில், அங்கே 312.5 வரும், 312 அல்லது 313 போடுங்கள், எதைப் போட்டாலும் பிழை 0.16%-தான். இந்தச் சிப்பில் வகுப்பான் 16-இல் ஒரு பங்கு வரை பின்னமாகப் போகும் என்பதால் ஏவிஆர் அளவுக்குத் தொல்லை கிடையாது, ஆனால் வெளிக் கிரிஸ்டல் இல்லாமல் உள் 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் அதன் பிழையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.