ஜில்லெட் பிளேட் உறையில் 1904 என்று இருக்கிறது: உண்மையான வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

உப்புவெளிப் பெடியன்:
வணக்கம். எங்கள் அம்மப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில், 1957இல் ஆங்கிலேயர் விட்டுப் போகும்வரை டொக்யார்டில் வேலை செய்தவர். அவருடைய ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் சவர பிளேட் உறைகள் கிடந்தன. சில வெறும் உறைகள். சிலவற்றில் பிளேட் இன்னும் மெழுகுத்தாளுக்குள்ளேயே இருக்கிறது. ஒன்று பச்சை: மீசைக்காரர் ஒருவரின் படம், கையெழுத்து, 1904 நவம்பர் 15 என்ற திகதி. இன்னொன்று நீல ஜில்லெட். மூன்றாவது ஜேர்மன் உறை. கொழும்பில் ஒருவர் பச்சை உறை 1904ஆம் ஆண்டுச் சாமான் என்று சொல்லி விலை பேசுகிறார். நம்பலாமா? துருக்கறையை எப்படிக் கழுவுவது என்றும் சொல்லுங்கள்.

மூதூர்த் துறை:
அந்த மீசைக்காரர்தான் கிங் கேம்ப் ஜில்லெட், கம்பெனியைத் தொடங்கியவர். கையெழுத்தும் அவருடையதுதான். காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் பழைய இரும்பு, ஒட்டாவிட்டால் பிந்திய ஸ்டெயின்லெஸ்.

உவர்மலை வாசி:
தம்பி, முதலில் அந்த டின்னை மூடி அலுமாரிக்குள் வையும். கழுவ வேண்டாம். ஈரத்துணியால்கூடத் துடைக்க வேண்டாம். அந்தக் காலத்து உறையில் மை தண்ணீர் பட்டதும் ஓடும். துருக்கறையோடு இருக்கிற உறையைச் சேகரிப்பவர் வாங்குவார், கழுவி வெளுத்ததைத் தொடவும் மாட்டார்.

காந்தம் இதற்கு உதவாது. பிளேட்டுக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் கடினமாக்கப்பட்ட வகை, அதுவும் காந்தத்தில் ஒட்டும்.

இப்போது 1904. அது ஜில்லெட்டுக்கு அமெரிக்காவில் பேட்டண்ட் கிடைத்த திகதி, உறை அச்சான ஆண்டு அல்ல. பிறகு எத்தனையோ வருடம் அதே திகதியை அச்சடித்தார்கள். அது சொல்வது ஒன்றே ஒன்று: இந்த உறை அதற்கு முந்தியது அல்ல. ஆகப் பழைய திகதியைப் பார்த்து விலை பேசுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். நீர் தேட வேண்டியது உறையில் உள்ள ஆகப் பிந்திய அடையாளத்தை.

முகவரியில் தொடங்கும். லண்டன் என்று இருந்தால் பக்கத்தில் டபிள்யூ.1, இ.சி.4 போல இலக்கம் உண்டா? லண்டன் தபால் வட்டாரங்களுக்கு இலக்கம் சேர்ந்தது 1917இல். இலக்கம் இருந்தால் உறை அதற்குப் பிந்தியது. அப்புறம் பிளேட்டின் துளை. மெழுகுத்தாளை அவிழ்க்காமல், பின்னால் டோர்ச் பிடித்துப் பார்த்தாலே தெரியும். மூன்று வட்டத் துளை என்றால் பழைய ஜில்லெட் அமைப்பு. நடுவில் நீள வெட்டு இருந்தால், ஜில்லெட்டைப் பொறுத்தவரை 1930 அல்லது அதற்குப் பிறகு. ஆனால் 1921இல் பேட்டண்ட் முடிந்ததும் மற்றக் கம்பெனிகளும் மூன்று துளை பிளேட்டை அடிக்கத் தொடங்கின, அவர்களில் சிலர் அதை நெடுங்காலம் விடவில்லை. அதனால் மூன்று துளையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

நீல உறை ஜில்லெட்டின் புளூ பிளேட் என்றால் 1932க்கு முன் போகாது. அதில் பிரித்தானிய விலையோடு பர்ச்சேஸ் டாக்ஸ் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாரும். அந்த வரி 1940 ஒக்டோபரில் வந்தது, 1973இல் போனது. இருந்தால் அது அங்கத்தைய கடைக்கு அச்சடித்த உறை. நம் துறைமுகத்துக்கு ஒரு மாலுமியின் பையில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எனக்கு இந்த வகைதான் உயிர். யுத்தக் காலத்தில் இங்கே நின்ற கப்பல்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அதில் இருந்தவன் காலையில் எதால் முகம் வழித்தான் என்பதை இந்தத் துண்டுக் கடதாசி சொல்கிறது.

ஜேர்மன் உறையில் வெறும் ஜேர்மனியா, வெஸ்ட் ஜேர்மனியா?

உப்புவெளிப் பெடியன்:
நன்றி ஐயா. டோர்ச் பிடித்துப் பார்த்தேன். பச்சையில் மூன்று வட்டத் துளை, முகவரி லண்டன் டபிள்யூ.1. நீலத்தில் நீள வெட்டு, விலைக்குக் கீழே அந்த வரிச் சொல்லும் இருக்கிறது. மற்றது சோலிங்கன், வெஸ்ட் ஜேர்மனி. ஸ்டெயின்லெஸ் என்றும் போட்டிருக்கிறது.

உவர்மலை வாசி:
அப்படியென்றால் பச்சை 1917க்கும் ஏறக்குறைய 1930க்கும் இடையில். அம்மப்பா வேலைக்குச் சேர முந்தியதாக இருக்கலாம், அவருடைய தகப்பன் வைத்திருந்ததா என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாரும். நீலம் 1940க்குப் பிறகு. வெஸ்ட் ஜேர்மனி என்பதால் மூன்றாவது 1949க்கும் 1990க்கும் இடையில். ஸ்டெயின்லெஸ் பிளேட்டைப் பரவலாக்கியது 1960களின் தொடக்கத்தில் வில்கின்சன் சுவோர்ட் என்ற ஆங்கிலக் கம்பெனி, ஜில்லெட் 1963இல்தான் இறங்கியது. அதனால் இதை அறுபதுகளுக்கு முன் வைக்க மாட்டேன். ஆங்கிலேயர் போனபிறகு பெட்டிக்குள் சேர்ந்தது. பார்கோடும் இருந்தால் எழுபதுகளின் கடைசிக்கே வந்துவிடும்.

கொழும்புக்காரர் 1904 விலையே தருவேன் என்றாலும் அந்த ஆண்டை ஒத்துக்கொண்டு விற்க வேண்டாம். அடுத்து வாங்குகிறவர் ஏமாறுவார்.

நம் ஊர் உப்புக்காற்றும் மார்கழி ஈரமும் கார்பன் பிளேட்டை, அதாவது ஸ்டெயின்லெஸ் அல்லாத பழைய உருக்கு பிளேட்டை, தின்றுவிடும். உறைகளைத் தனித்தனியாக அமிலமற்ற கடதாசியில் வைத்து, சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் போடும். செலோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டாம். ஏற்கெனவே துருவேறிய பிளேட்டை நல்ல உறையிலிருந்து தனியாக வையும், துரு தாளுக்குப் பரவும். எந்த உறைக்குள் எந்த பிளேட் இருந்தது என்று பென்சிலால் ஒரு துண்டில் எழுதி வைக்க மறக்க வேண்டாம்.

மூதூர்த் துறை:
காந்தம் பற்றித் தெரிந்துகொண்டேன், நன்றி. தம்பி, நீல உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் போட முடியுமா?